முந்தனை ஆற்றுக்குத் தனிச் சங்கமா, கூட்டுக் குழுவா?

ஆற்றைக் காக்கவேண்டும் என்பதில் மட்டக்களப்பில் எவருக்கும் மறுப்பில்லை. சங்கங்கள் எல்லாம் கூட்டுக் குழுவாகச் சேர்ந்து இறங்குவதா, ஒவ்வொரு சங்கமும் தன் பங்கைத் தனியே பார்ப்பதா என்றதும் கூட்டம் இரண்டுபடுகிறது.

செலவு
தனிச் சங்கம்: மண்வெட்டியும் தேநீரும் போதும்.
கூட்டுக் குழு: செயலாளர், கணக்கு, பயணப்படி எல்லாம் வேண்டும்.

வேகம்
தனி: ஞாயிறு மதியத்துக்குள் வாய்க்காலில் மிதக்கும் சல்வீனியாக் களையை அள்ளிவிடலாம்.
கூட்டு: திகதி குறிக்கவே ஒரு போகம் போய்விடும்.

நிலைப்பு
தனி: கீழே மருதங்கன்று நடுவார்கள், மேலே அளவுமீறி மணல் அள்ளினால் கன்றோடு கரையும் போய்விடும். மணல் அனுமதி புவிச்சரிதவியல் பணியகத்திடம், பெருங்குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம், சிறுகுளங்கள் கமநலத் திணைக்களத்திடம். ஒற்றைச் சங்கத்தின் கடிதம் மூன்று மேசைகளிலும் தூங்கும்.
கூட்டு: அம்பாறையில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரை விவசாயிகள் 1980களின் தொடக்கத்தில் வாய்க்காலுக்கு ஒரு சிறு குழுவாகச் சேர்ந்தார்கள், பிறகே மேலே பிரதிநிதிகளை அனுப்பினார்கள். கடைமடை வயல்களுக்கும் தண்ணீர் எட்டியது. குழுவை மேலிருந்து கட்டுகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்கவேண்டும்.

துப்புரவு, கன்று நடுகை என்றால் தனிச் சங்கமே நல்லது. மணல், வெள்ளம், தண்ணீர் கடலுக்கு வடிய வாவியின் முகத்துவாரம் வெட்டுவது என்றால் கூட்டுக் குழுதான்; அதில் மீனவர் சங்கத்துக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். வயலில் நிற்கும் தண்ணீரை விவசாயி வடிக்கப் பார்க்கும் அதே நாளில்தான் மீனவர் வலையைப் பற்றிக் கவலைப்படுகிறார்.