வாழ்த்து ஸ்டிக்கருக்கு எழுத்துருவா, வரைந்த எழுத்தா?

படமே இல்லாமல் எழுத்தை மட்டும் வைத்து ஒரு திருநாள் வாழ்த்து ஸ்டிக்கர் செய்வது, வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்கு மிக நல்ல பயிற்சி. வேலை சின்னதுதான். ஆனால் எழுத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அதில் சோதனைக்கு வந்துவிடும். உட்கார்ந்ததும் முதலில் முடிவு செய்ய வேண்டியது, கிடைக்கிற எழுத்துருவில் தட்டச்சு செய்து அடுக்குவதா, எழுத்துகளை நாமே வரைவதா என்பது. வரைவதிலும் இரண்டு வழி உண்டு. கிரிட்டா மாதிரியான செயலியில் தூரிகையால் நேராக எழுதிவிடலாம். இல்லையென்றால் இங்க்ஸ்கேப்பில் வெக்டர் கோடுகளாக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோடுகளாக, வரையலாம். மூன்றையும் செய்து பார்த்த பிறகு நான் வெக்டரில் வரைவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் எழுத்துரு. அதன் வேகம் எல்லோருக்கும் தெரிந்தது. கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், பாலூ தம்பி, அனெக் தமிழ் என்று நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பண்டிகைக் களைக்கு உருண்டு திரண்ட பாலூ தம்பி நன்றாகப் பொருந்தும். அனெக் தமிழில் தடிமனோடு எழுத்தின் அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். ஸ்டிக்கரின் சதுரத்துக்குள் நீளமான சொல்லை அடக்க அது பெரிய உதவி. இவையெல்லாம் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. எழுத்துருக் கோப்பைத் தனியாக விற்கத்தான் கூடாது. அதை வைத்து நாம் செய்த படத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், விற்கலாம். உரிமம் என்னவென்றே தெரியாமல் எங்கிருந்தோ இறக்கிய எழுத்துருவை வகுப்புப் பயிற்சிக்குக்கூடத் தொடாதீர்கள். ஸ்டிக்கர் நம் கையை விட்டுப் போனால் போனதுதான், யார் யாருக்குப் போகிறது என்பது நம் பிடியில் இல்லை.

ஒரு எச்சரிக்கை. தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் ‘மகிழ்ச்சி பொங்கட்டும்’ என்று தட்டினால், பொ-வின் கொம்பு தன் இடத்தை விட்டு நகர்ந்து நிற்கும். அடோபி மென்பொருள்களில் ‘வேர்ல்ட் ரெடி’ என்ற பத்தி அமைப்பை இயக்கினால் சரியாகிவிடும். இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லை வராது.

தூரிகை வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பார்க்க மிக அழகு, எழுதிய கையின் உயிர் அப்படியே தெரியும். ஆனால் ஸ்டைலஸ் (திரையில் எழுதும் பேனா) இல்லாமல் அந்த அழகு வராது. எல்லா மாணவர்களிடமும் அது இருப்பதில்லை. தூரிகையின் சொரசொரப்பு கூடக் கூடக் கோப்பும் கனக்கும். வாட்ஸ்அப்பில் அசையாத ஸ்டிக்கர் 100 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. எப்படியும் 2048 பிக்சலில் எழுதி, ஸ்டிக்கரின் அளவான 512-க்குக் குறைப்பதுதான் நல்லது. குறைத்த பிறகு அந்தச் சொரசொரப்பு பாதிக்கு மேல் தெரியாது.

சரி, நான் வரைவதன் பக்கம் சாய்ந்ததற்கு ஒரே ஒரு காரணம்தான் பெரியது: சின்ன அளவில் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப் ஸ்டிக்கரின் பரப்பு 512-க்கு 512 பிக்சல். விளிம்பிலிருந்து 16 பிக்சல் இடைவெளி விடுங்கள், உருவத்தைச் சுற்றி 8 பிக்சலில் வெள்ளைக் கோடு போடுங்கள் என்பது அவர்களின் பரிந்துரை. உரையாடலின் பின்னணி கறுப்பா, வெளுப்பா, பூப்போட்டதா என்று நமக்குத் தெரியாது என்பதால் அந்த வெள்ளைக் கோடு அவசியம். இரண்டு பக்கமும் இவற்றைக் கழித்தால் எழுத்துக்கு மிஞ்சுவது 464 பிக்சல். ‘வாழ்த்துகள்’ என்ற சொல்லில் எழுத்து ஆறு, துணைக்காலைத் தனியாக எண்ணினால் வடிவம் ஏழு. ஆக, ஒரு வடிவத்துக்கு 66 பிக்சல். கைபேசியில் இது இன்னும் சுருங்கித்தான் தெரியும். இதே வடிவமைப்பை ஸ்டிக்கர் தொகுப்பின் அடையாளச் சிறுபடமாகவும் வைத்தால், அதன் அளவு 96 பிக்சல்தான். அப்போது ஒரு வடிவத்துக்கு ஏறக்குறைய 12 பிக்சல்தான் கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் புள்ளி பிரச்சினையாகிறது. ‘வாழ்த்துகள்’ என்பதில் மட்டும் மூன்று புள்ளி: ழ், த், ள். எழுத்துருவில் பெரும்பாலும் புள்ளியின் அளவு கோட்டின் தடிமனை ஒட்டியே இருக்கும். புத்தகப் பக்கத்துக்கு அது சரி. ஸ்டிக்கரில் கோடு 14 பிக்சல் என்றால் புள்ளியும் 14. சிறுபடத்தில் அது மூன்று பிக்சலுக்கும் கீழே போய், பக்கத்து நிறத்தோடு கலங்கிவிடும். புள்ளி தெரியாமல் போனால் ‘வாழததுகள’ என்றுதான் கண்ணில் படும். நான் வரைந்த எழுத்தில் கோடு 14, புள்ளி மட்டும் 20 என்று வைத்தேன். காகிதத்தில் பார்த்தால் புள்ளி கொஞ்சம் பெரிதாக உறுத்தும். கைபேசியில் அளவாகத் தெரிகிறது, சிறுபடத்திலும் நான்கு பிக்சல் அளவுக்கு நிற்கிறது.

புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பதையும் வெள்ளைக் கோடுதான் முடிவு செய்கிறது. எழுத்தைச் சுற்றி 8, புள்ளியைச் சுற்றி 8. இடைவெளி 16 பிக்சலுக்குள் இருந்தால் இரண்டு வெள்ளையும் ஒட்டிக்கொண்டு ஸ்டிக்கர் ஒரே துண்டாகத் தெரியும். அதற்கு மேல் போனால் புள்ளி தனித் தீவாக மிதக்கும், கரும்பின்னணியில் அது அசிங்கமாக இருக்கும். அதே நேரம் பக்கத்தில் ஒட்டி வைத்தால் சின்ன அளவில் எழுத்தோடு பிசைந்துகொள்ளும். எனக்கு 10 முதல் 12 பிக்சல் ஒத்துவந்தது.

அடுத்தது சுழி. ண-வின் சுழிகள், ள-வின் சுழி, இ-யின் உள்வட்டம் எல்லாம் தடித்த எழுத்துருவில் இறுகிவிடும். ‘புத்தாண்டு’ என்று தடித்த எழுத்தில் தட்டி 96 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்கள். ண் இருக்கும் இடத்தில் ஒரு கட்டி மட்டும் தெரியும். மெல்லிய தடிமனுக்கு மாறினால் சுழி திறக்கும், ஆனால் பண்டிகைக் களை போய்விடும். நாமே வரையும்போது ண-வை மட்டும் கொஞ்சம் அகலமாக்கி, ப-வையும் ட-வையும் ஒடுக்கி, அந்த இடத்தைச் சுழிகளுக்குக் கொடுக்கலாம். ப-வும் ட-வும் எவ்வளவு ஒடுங்கினாலும் படிக்க முடிகிற எழுத்துகள்.

அப்புறம் அடுக்கு. ‘திருநாள்’ மேலே, ‘வாழ்த்துகள்’ கீழே என்று வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். (‘வாழ்த்துகள்’ என்பதை நடுவில் உடைத்து இரண்டு வரியாக்க வேண்டாம், கீழ் வரியில் ‘துகள்’ தனியாக நிற்கும்.) மேல் வரியில் தி, ரு, நா மூன்றுக்கும் கோட்டுக்குக் கீழே இறங்கும் வால் உண்டு. கீழ் வரியில் ழ், த் இரண்டின் புள்ளிகளும் ஏறக்குறைய ரு-வுக்கு நேர் கீழேதான் வந்து நிற்கும். எழுத்துருவில் இந்த மோதலைத் தவிர்க்க வரி இடைவெளியைக் கூட்டத்தான் வேண்டும். கூட்டினால் உயரம் போதாது, எழுத்தைச் சிறிதாக்க வேண்டிவரும். வரையும்போது ரு-வின் வாலை இடப்பக்கமாக இழுத்து வா-வின் மேல் விழும்படி வைத்தேன். வா-வுக்குப் புள்ளி கிடையாது, அங்கே இடம் சும்மா கிடக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் இரண்டு வரியும் நெருங்கி வந்து, எழுத்துகள் நன்றாகவே பெரிதாயின. தமிழ் எழுத்தை இப்படி ஒன்றுக்குள் ஒன்று பொருத்துவதில் இருக்கிற மகிழ்ச்சி எழுத்துருவை அடுக்குவதில் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் வரைகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். தாளில் பென்சிலால் எழுதி, கைபேசியில் படம் எடுத்து, இங்க்ஸ்கேப்பில் அடியில் வைத்துவிட்டு, அதன் மேல் எழுத்தின் நடுக்கோட்டை மட்டும் பேனாக் கருவியால் வரைவேன். மவுஸே போதும், ஸ்டைலஸ் வேண்டாம். தடிமனை எண்ணாகக் கொடுத்து, முனைகளை உருட்டிவிட்டால் எழுத்து தயார். வெள்ளை விளிம்புக்கு அதே கோட்டை நகலெடுத்து அடியில் வைத்து, வெள்ளை நிறம் கொடுத்து, தடிமனை 14-லிருந்து 30 ஆக்கினால் இரு பக்கமும் சரியாக 8 பிக்சல் வெளியே தெரியும். எழுத்து மெலிதாக இருக்கிறது என்று தோன்றினால் இரண்டு எண்ணை மாற்றினால் போதும். தானாகக் கோடெடுக்கும் வசதியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது தேவையில்லாத முனைப்புள்ளிகளை அள்ளிப் போட்டுவிடும், பிறகு வளைவைத் திருத்துவது பெரும்பாடு.

இந்த முறை அடுத்த பண்டிகைக்கும் உதவும். ஒருமுறை வரைந்த ‘வாழ்த்துகள்’ எல்லாத் திருநாளுக்கும் வரும். ‘இனிய புத்தாண்டு’ சேர்க்க வேண்டும் என்றால் த ஏற்கெனவே இருக்கிறது; இ, னி, ய, பு, ண், டு வரைந்தால் போதும்.

வரைவதில் இன்னொரு சுதந்திரமும் இருக்கிறது. ‘நன்னாள்’ என்று எழுதும்போது னா-வுக்குத் துணைக்கால் போடாமல், கீழே சுழித்து எழுதும் பழைய வடிவத்தைக் கொண்டுவரலாம். 1978-இல் தமிழ்நாடு அரசு ஆணை மாற்றிய 13 எழுத்துகளில் அதுவும் ஒன்று. இன்றைய பொது எழுத்துருக்களில் புதிய வடிவம்தான் வரும். பெரியவர்களுக்கு அனுப்பும் ஸ்டிக்கரில் பழைய னா ஒரு தனி அழகு. இளையவர்கள் ஒரு நொடி நின்று படிப்பார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுக்கோட்டு முறைக்கு ஒரு எல்லை உண்டு. பட்டை முனைப் பேனாவில் எழுதியது போல மெலிந்து தடிக்கும் எழுத்து வேண்டுமென்றால் இது உதவாது. அதற்கு எழுத்தின் இரண்டு பக்க விளிம்பையும் தனித்தனியாக வரைய வேண்டும், அது நல்ல பொறுமை கேட்கும் வேலை. அந்த வகையில் நான் அதிகம் செய்ததில்லை, அதனால் எனக்குத் தெரிந்த வரை ஒரே தடிமன் எழுத்துக்குத்தான் இந்தப் பரிந்துரை.

எந்தச் செயலிக்கு என்ற கேள்வியில் பெரிய வேறுபாடு இல்லை. ஒரே எஸ்விஜி (வெக்டர்) கோப்பிலிருந்து எல்லாவற்றுக்கும் எடுக்கலாம். வாட்ஸ்அப்புக்கு வெப்பி (WebP) என்ற பட வடிவம், சதுரம், தொகுப்பாக வெளியிட்டால் குறைந்தது மூன்று, அதிகபட்சம் 30 ஸ்டிக்கர். டெலிகிராமில் ஒரு பக்கம் 512 இருந்தால் போதும், மறுபக்கம் குறையலாம். நீளவாக்கில் ஒரே வரியாக எழுதும் சொல்லுக்கு அது வசதி. அங்கே ஸ்டிக்கர் பாட் (bot) என்ற தானியங்கிக் கணக்கிடம் படத்தையும் பொருத்தமான இமோஜியையும் கொடுத்தால் பகிரக்கூடிய இணைப்பு கிடைத்துவிடும். வகுப்பில் காட்ட, நண்பர்களுக்கு அனுப்ப அதுதான் எளிது. சிக்னலில் கணினிச் செயலி வழியாகத் தொகுப்பை ஏற்றலாம், ஒரு ஸ்டிக்கருக்கு 300 கிலோபைட் வரை இடம் தருகிறார்கள். நிறம் குறைவான தட்டை எழுத்து இந்த எல்லைகள் எதையும் எட்டவே எட்டாது.

அசையும் ஸ்டிக்கரில் என் அனுபவம் மேலோட்டமானது. டெலிகிராமின் அசையும் ஸ்டிக்கர் வெக்டராகவே போகிறது, 64 கிலோபைட்டுக்குள், மூன்று வினாடிக்குள் முடிய வேண்டும். வாட்ஸ்அப்பில் அசையும் வெப்பி, 500 கிலோபைட் வரை. நடுக்கோடாக வரைந்திருந்தால் எழுத்து தானே எழுதிக்கொண்டு போவது போலக் காட்டுவது எளிதாக இருக்க வேண்டும். எழுத்துருவின் விளிம்பை வைத்து அதைச் செய்வது சுற்றுவழி.

எழுத்துருவையே எடுங்கள் என்று நான் சொல்லக்கூடிய இடங்களும் உண்டு. ஸ்டிக்கரில் முழு வாக்கியம் வர வேண்டும் என்றால், முப்பது பேருக்கு முப்பது பெயர் போட வேண்டும் என்றால், குழுவில் வேறொருவர் கடைசி நேரத்தில் சொல்லை மாற்றக்கூடும் என்றால், நாளைக் காலையே ஒப்படைக்க வேண்டும் என்றால், எழுத்துருதான் சரி. அப்போதும் தட்டியதை அப்படியே விடாதீர்கள். எழுத்தைப் பாதையாக (திருத்தக்கூடிய வடிவமாக) மாற்றி, புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, இடைவெளியைச் சரிபார்த்துவிட்டு, 96 பிக்சலில் ஒரு முறை ஏற்றுமதி செய்து கைபேசியில் பாருங்கள். ண-வின் சுழி அடைத்திருந்தால் ஒரு படி மெல்லிய தடிமனுக்கு இறங்குங்கள்.