ராம்நாடு ராமலிங்க விலாசம்: ராமேஸ்வரம் போற வழியில கண்டிப்பா இறங்குங்க

ராமேஸ்வரம் போற டூர் வேன் நிறைய பேரு ராம்நாட்ட, அதான் ராமநாதபுரத்த, தாண்டி நேரா போயிடுறாங்க, எங்க டிரைவர்கூட அங்க பழைய சுவருதான் சார் இருக்குன்னாரு. அந்த சுவருக்காகத்தான் போகணும்!

ராமலிங்க விலாசம்ங்கிறது சேதுபதி ராஜாக்களோட அரண்மனை, இப்ப தொல்லியல் துறை மியூசியமா வச்சிருக்கு. போகலூர்ல இருந்த தலைநகர ராமநாதபுரத்துக்கு கொண்டுவந்த கிழவன் சேதுபதி கட்டினது. உள்ள போனா கோயில் மாதிரியே இருக்கும், பெரிய தூண் மண்டபம், அதுக்கு மேல ஒரு படி உசரத்துல இன்னொண்ணு, கடைசியில கருவறை மாதிரி ஒரு அறை. சுவரு, தூணு, விதானம் எல்லாம் ஓவியம், 1700கள்ல முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்துல வரைஞ்சது. தஞ்சாவூர் மராட்டியரோட நடந்த சண்டை ஒரு பக்கம், யானை, குதிரை, துப்பாக்கி தூக்கின ஆளுங்கன்னு நெருக்கியடிச்சு வரைஞ்சிருக்காங்க, அந்த இடத்த விட்டு எனக்கு நகரவே மனசு வரல. ராஜராஜேஸ்வரி அம்மன் ராஜாவுக்கு செங்கோல் கொடுக்கிறது, தொப்பி போட்ட வெள்ளைக்காரங்க சபைக்கு வந்து நிக்கிறது எல்லாமே இருக்கு. சில இடத்துல கலர் மங்கிடுச்சு, அதனால அவசரப்படாம கிட்டப் போயி பாருங்க. மாடியையும் விட்டுடாதீங்க, ராஜாவோட அந்தப்புர வாழ்க்கைய அங்கதான் வரைஞ்சிருக்காங்க. வாள், ஈட்டி, வளரி (வீசி எறியிற வளைஞ்ச ஆயுதம்) எல்லாம் வச்சிருக்காங்க, பசங்களுக்கு அது பிடிக்கும்.

போறதுக்கு முன்னாடி வரலாறு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா பாக்கிறதே வேற மாதிரி இருக்கும். மதுரை நாயக்கர் 1605 வாக்குல சடைக்கத் தேவர சேதுபதியா உக்கார வச்சதுல ஆரம்பிக்குது இந்த வம்சம், சேதுவுக்கு, அதாவது ராமேஸ்வரம் பக்கம் வர்ற யாத்ரீகர்களுக்கு காவல் இவங்கதான். 1730 வாக்குல சிவகங்கை தனியா பிரிஞ்சு போச்சு. 1772ல ஆற்காடு நவாப் படையும் கிழக்கிந்திய கம்பெனி படையும் சேந்து கோட்டைய பிடிச்சு, சின்னப் பையனா இருந்த முத்துராமலிங்க சேதுபதிய தாயாரோட திருச்சி கோட்டையில அடைச்சாங்க. அப்புறம் சீமைய திருப்பிக் கொடுத்தாங்க, ஆனா கம்பெனிக்கு அவரு வளையல, 1795ல மறுபடி பிடிச்சிட்டாங்க, 1809ல மெட்ராஸ் ஜெயில்லயே செத்துட்டாரு. கட்டபொம்மன பத்தி பேசுற அளவுக்கு இவர பத்தி நாம பேசுறதே இல்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம். 1803ல இந்த சீமையே வெறும் ஜமீன் ஆயிடுச்சு. ஜமீனா ஆன பிறகும் பாஸ்கர சேதுபதிதான் விவேகானந்தர சிகாகோ போகச் சொல்லி ஊக்கம் கொடுத்தாரு, 1897ல விவேகானந்தர் பாம்பன்ல வந்து இறங்கினப்ப வரவேற்றதும் இந்த சேதுபதிதான்.

குடும்பத்தோட போறவங்க ராமேஸ்வரத்துக்கு முன்னாடியே இத பாத்துடுங்க, அந்த கோயிலோட மூணாம் பிரகாரமே சேதுபதிங்க திருப்பணிதான், இங்க பாத்துட்டு அங்க நடந்தா யாரு கட்டினதுன்னு பசங்களே சொல்லுவாங்க. நவராத்திரி சமயம்னா அரண்மனைக்குள்ள இருக்கிற ராஜராஜேஸ்வரி கோயிலுக்கும் சேத்து டைம் வச்சுக்கோங்க. என் ரேட்டிங் அஞ்சுக்கு அஞ்சு.