மோர்ஃபின் இல்லாமல் சிசேரியன் வலி: கொழும்பு தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் கவனிப்பும் ஒரு வயிற்றுப் பட்டியும்

இரண்டாவது சிசேரியனுக்குத் திகதி குறித்துவிட்டு, ஒப்பரேஷனை விட அதற்குப் பிறகு வரும் நோவை நினைத்துப் பயந்துகொண்டிருக்கும் அக்கா தங்கச்சிமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. மோர்ஃபின், பெத்திடின், டிரமடோல் என்று ஒபியொயிட் எனப்படும் வீரியமான வலி மருந்து எதுவும் இல்லாமல் வலியைச் சமாளிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தேன். மயக்க மருந்து டொக்டரின் வேலை மிகத் திறம். பகல் நேர நேர்ஸ்மாரும் அப்படித்தான். இரவுக் கவனிப்பு மோசம். அந்தக் குறையைச் சொல்ல வேண்டியிருப்பதால் ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை.

ஏன் அந்த மருந்துகள் வேண்டாம் என்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வீண் பிடிவாதம் போலத் தெரியும். மூத்த பிள்ளையின்போது பெத்திடின் ஊசி போட்டார்கள். நோ அடங்கியது உண்மைதான், ஆனால் தலை சுற்றி, விடாமல் வாந்தி வந்தது, புதுத் தையல் போட்ட வயிற்றோடு ஓங்காளிப்பது எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளையைத் தூக்கக்கூடக் கண் திறக்க முடியவில்லை. எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை, எனக்கு ஆனது. அதோடு, பால் கொடுக்கும் தாய்மாருக்கு அதே வகையைச் சேர்ந்த கோடீனும் டிரமடோலும் உகந்ததல்ல என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017இலேயே எச்சரித்திருக்கிறது. சிலருடைய உடம்பு இந்த மருந்துகளை மிக வேகமாக, வீரியம் கூடிய வடிவத்துக்கு மாற்றிவிடும், அது பாலில் போனால் பிள்ளை அளவுக்கு மீறித் தூங்கும், மூச்சே தடைப்படலாம். இதை வாசித்த பிறகுதான் டொக்டரிடம் கேட்பது என்று முடிவெடுத்தேன்.

மயக்க மருந்து டொக்டரை ஒப்பரேஷனுக்கு முன்பே சந்திக்க வேண்டும் என்று நாங்கள்தான் கேட்டு நேரம் எடுத்தோம். அவர் அவசரப்படாமல் உட்கார்ந்து கதைத்தார். முதுகில் போடும் விறைப்பு ஊசியில் 0.1 மில்லிகிராம் அளவில் மோர்ஃபின் சேர்ப்பது பல இடங்களில் வழக்கம், அந்தச் சிறு அளவே ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நோவைப் பிடித்து வைக்கும், அதன் தொல்லை பெரும்பாலும் அரிப்பும் வாந்தியும்தான், அதனால் அநேகமானவர்களுக்கு அதைப் போடச் சொல்லித்தான் ஆலோசனை கொடுப்பேன் என்று நேராகவே சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. நான் கேட்டதை வாங்கிக்கொண்டு தலையாட்டாமல், எதை விட்டுக்கொடுக்கிறேன் என்று எனக்கு விளங்க வைத்த பிறகுதான் வேறு வழியைச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: இவ்வளவும் செய்தும் நோ தாங்க முடியாமல் போனால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கக் கூடாது, அப்போது வீரியமான ஊசியைச் சிறிய அளவில் போடுவேன், அதற்கு இப்போதே சம்மதிக்க வேண்டும் என்று. சம்மதித்தேன். கடைசியில் அது தேவைப்படவில்லை.

அவர் செய்தது இதுதான். முதுகு ஊசியில் விறைப்பு மருந்து மட்டும். ஒப்பரேஷன் நடக்கும்போதே சேலைன் வழியாகப் பரசிட்டமோலும், வாந்திக்கும் நோவுக்கும் சேர்த்து டெக்ஸாமெத்தசோன் ஒரே ஒரு தடவையும். எல்லாம் தைத்து முடிந்த பிறகு, கால் இன்னும் விறைப்பாக இருக்கும்போதே, வயிற்றின் இரண்டு பக்கமும் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஸ்கேன் பார்த்துப் பார்த்து ஒரு நீளமான ஊசியால் விறைப்பு மருந்து போட்டார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வயிற்றுத் தசைகள் சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தன, இரண்டு அடுக்குக்கு நடுவில் ஊசி முனை வந்து நின்றதும் மருந்து கறுப்பாகப் பாய் விரித்த மாதிரி அகன்றுகொண்டு போனது. வயிற்றுச் சுவருக்குப் போகும் நரம்புகள் அந்த இடைவெளியில்தான் ஓடுகின்றனவாம். இதை டாப் பிளொக் என்கிறார்கள். முதுகு ஊசியின் விறைப்பு இறங்கி, கால் விரலை அசைக்கக்கூடிய நிலைக்கு வந்த பிறகும் வெட்டுக் காயத்தில் எரிவு இல்லாமல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

ஆனால் இந்த ஊசி தோலையும் தசையையும்தான் விறைக்க வைக்கும், கர்ப்பப்பை சுருங்கும் நோவை ஒன்றும் செய்யாது. இதை யாரும் முன்பே சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை பால் குடிக்கத் தொடங்கியதும் உடம்பில் ஒக்ஸிடோசின் சுரந்து கர்ப்பப்பை இறுகும், இரண்டாவது மூன்றாவது பிள்ளைக்கு இது முதல் பிள்ளையை விடக் கடுமையாக இருக்கும். எனக்குக் காயத்தை விட இதுதான் படுத்தியது, பிள்ளை வாய் வைத்த உடனேயே அடிவயிறு முறுக்கிக்கொண்டு வரும். அதற்கு நன்றாகக் கேட்ட மருந்து டைக்ளோஃபெனாக். வார்டில் அதைப் பின்பக்கம் வைக்கும் மருந்தாகத் தந்தார்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை, நேர்ஸ் கையுறை போட்டு ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார். சாப்பிட முடியாத நேரத்தில் வயிற்றைப் புண்ணாக்குமோ என்ற யோசனையில் இருப்பவர்கள் குளிசையோ பின்பக்கமோ டொக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் எந்த வழியாகப் போனாலும் அல்சர், சிறுநீரகக் கோளாறு, அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமா, இரத்தப்போக்குப் பிரச்சினை இருப்பவர்களுக்கு இந்த வகை மருந்து சரிவராது.

இனி இரவு விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை முழுக்க நிற்பது நேரத்தில்தான். பரசிட்டமோல் 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, நாளுக்கு எட்டுக் குளிசைக்கு மேல் போகக் கூடாது, 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு அளவு இன்னும் குறையும். அதற்குப் பக்கத்தில் டைக்ளோஃபெனாக்கோ அதே வகையைச் சேர்ந்த ஐபுபுரோஃபனோ ஏதாவது ஒன்று, இரண்டும் சேர்த்து இல்லை. நோ இருக்கிறதோ இல்லையோ, மணி அடித்தால் மருந்து. நோ ஏறிய பிறகு குளிசை போட்டால் அது பிடிக்க அரை மணி, முக்கால் மணி ஆகும், அதற்குள் எழும்பவும் முடியாது, பிள்ளையைத் தூக்கவும் முடியாது. பகலில் இருந்த நேர்ஸ் இதை வடிவாகச் செய்தார், கட்டில் காலில் தொங்கிய அட்டையில் நேரத்தை எழுதி, நான் தூங்கினாலும் எழுப்பித் தந்தார். இரவு வந்தவர் அட்டையைப் பார்க்கவே இல்லை. "நோ வந்தால் பெல் அடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நடுச்சாமத்தில் டாப் பிளொக்கும் இறங்கி, தவறவிட்ட பரசிட்டமோலும் சேர்ந்து, பெல்லை அடித்து அடித்து, கடைசியில் என் கணவர் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டியதாகிவிட்டது. பேஷன்ட் தூங்குகிறார், எழுப்ப மனம் வரவில்லை என்பது அந்த நேர்ஸ் சொன்ன காரணம். இவ்வளவு காசு வாங்கும் இடத்தில் மருந்து நேரம் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுவது சரியே இல்லை. விடிந்ததும் வார்ட் பொறுப்பாளரிடம் முறைப்பாடு சொன்னேன், அதற்குப் பிறகு ஒரு தடவையும் தவறவில்லை. நீங்கள் போவதாக இருந்தால் ஃபோனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், துணைக்கு நிற்பவரிடமும் நேரத்தைச் சொல்லி வையுங்கள்.

பாஷைப் பிரச்சினையும் உண்டு. நோவின் அளவை எழுதும் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. எனக்குச் சமாளிக்கத் தெரியும், என் அம்மாவின் வயதில் ஒருவர் தனியாகப் படுத்திருந்தால் என்ன செய்வார்? பூச்சியத்திலிருந்து பத்து வரை முகப் படங்கள் போட்ட ஒரு அட்டையை ஒவ்வொரு கட்டிலிலும் தொங்கவிட எவ்வளவு செலவாகப் போகிறது.

வீட்டுப் பக்கத் தொல்லை வேறு. "பிள்ளை, இவ்வளவு குளிசை போட்டால் பாலில போகும்" என்று மாமி ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுருக்குவார், அக்கறையில்தான். பரசிட்டமோலும் ஐபுபுரோஃபனும் பாலில் போவது மிக மிகக் கொஞ்சம், பால் கொடுக்கும் தாய்க்கு டொக்டர்மார் முதலில் எழுதித் தருவதே இந்த இரண்டையும்தான். நோவோடு கிடந்தால் பிள்ளையைச் சரியாகப் பிடிக்க முடியாது, பிடிக்காவிட்டால் பால் வராது. மிட்வைஃப் வீட்டுக்கு வந்தபோது மாமியின் முன்னாலேயே கேட்டேன், அவர் சொன்ன பிறகு அந்தக் கதை நின்றது. வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்தவர்களிலேயே இந்தப் பயத்தில் குளிசையை ஒளித்து வைத்துவிட்டு அழுதுகொண்டு கிடந்தவர்கள் இருக்கிறார்கள், அதை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இப்போது பட்டி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த சேர்ஜிக்கல் கடையில் வாங்கியது, அகலமான இலாஸ்டிக், முன்னால் மூன்று பட்டையாகப் பிரிந்து ஒட்டும் வகை. அம்மாவின் காலத்தில் பழஞ்சேலையைக் கிழித்து வயிற்றைக் கட்டுவார்களே, வேலை அதேதான். சிசேரியனுக்குப் பிறகு இப்படிக் கட்டினால் நோ குறையும் என்று இப்போது மயக்க மருந்து நிபுணர்களின் வழிகாட்டல்களிலும் இருக்கிறது. எழும்பி நடக்கும்போது வயிறு கழன்று விழுவது போன்ற அந்த உணர்வு உடனே குறைந்தது. குறை என்னவென்றால் கொழும்பு வெக்கைக்கு இது பொருத்தமில்லை, வியர்த்தால் ஓரம் தோலை அறுக்கும், ஒட்டும் பக்கம் சட்டையைப் பிய்க்கும். உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் போட்டு அதன் மேல் கட்டினேன், அப்போது சரி. படுக்கும்போது கழற்றிவிடுங்கள், காயம் காற்றுப் பட்டுக் காய்ந்திருக்க வேண்டும். பிள்ளை பிறக்கும் முன்பே வாங்கி வைக்காதீர்கள், அளவு சரிவராது. மூச்சு முட்டுகிற மாதிரி இறுக்கினால் வயிறு சின்னதாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், அது வயிறு குறைக்கும் சாமான் இல்லை.

மருந்தில்லாத உதவிகளில் பட்டிக்கு அடுத்து எழும்பும் முறைதான். நேராக எழும்பாமல் ஒருபக்கம் புரண்டு, முழங்காலை மடக்கி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றித் தள்ளி எழும்ப வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். வாயு நோவுக்கு, தோள்பட்டைக்குப் போய்க் குத்துமே அதற்கு, நடைதான் மருந்து, சுவிங்கம் மெல்வதும் குடல் சீக்கிரம் அசைய உதவுகிறது, அதற்கு ஆய்வுகளே இருக்கின்றன. நான் கொத்தமல்லி அவித்த தண்ணீரும் குடித்தேன், அது ஆறுதலுக்கு. பெத்திடின் இல்லாததால் மலச்சிக்கல் இந்தத் தடவை அவ்வளவு இல்லை, லக்டுலோஸ் பாணி ஒரு போத்தல் போதுமாக இருந்தது.

வீட்டுக்குப் போகும்போது தந்த மருந்துச் சிட்டையில் டிரமடோல் எழுதியிருந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதும் சிட்டை போல. திருப்பிக் கொடுத்ததும் மறுபேச்சில்லாமல் ஐபுபுரோஃபன் 400 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு, 8 மணித்தியாலத்துக்கு ஒன்று என்று மாற்றித் தந்தார்கள். சிட்டையை வார்டிலேயே வாசித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பரசிட்டமோலும் ஐபுபுரோஃபனும் அரசாங்க மருந்துக் கடையான ஒசுசலவிலேயே கிடைக்கும், பெரிய செலவில்லை. வீட்டில் பனடோல் இருந்தால் அதுவும் பரசிட்டமோல்தான், சிட்டையில் உள்ளதோடு சேர்த்து இரட்டிப்பாகப் போட்டுவிடாதீர்கள்.

கொழும்பில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது டெங்கு. வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் வந்தால் ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டையும் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், டெங்கில் இவை இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிட்டமோல் மட்டும் அளவோடு போட்டுக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதிக்க வேண்டும். காயம் பழுத்தாலும் காய்ச்சல் வரும், ஆகவே இரண்டுக்குமே வீட்டில் இருந்து பார்ப்போம் என்ற பேச்சு கூடாது. நோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டு போகாமல் கூடினாலோ, காயம் சிவந்து சீழ் வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, எழும்பி இருந்தவுடன் தலை பிளக்கிற மாதிரி வலித்துப் படுத்தால் குறைந்தாலோ அதுவும் அப்படித்தான்.

பில்லில் டாப் பிளொக்குக்குத் தனியாகக் காசு எடுத்தார்கள், சிசேரியன் பக்கேஜில் அது சேர்ந்ததல்ல. முன்பே கேட்டதால் எங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கவில்லை, கொடுத்த காசுக்கும் அது பெறுமதிதான். காசல் வீதி, டி சொய்சா போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர்களும் கிளினிக்கில் இதைக் கேட்கலாம். பிளொக் கிடைக்காவிட்டாலும் நேரத்துக்குக் குளிசை என்பதற்கு எந்த மெஷினும் தேவையில்லை. கேட்கும்போது மூன்றைக் கேளுங்கள்: முதுகு ஊசியில் என்ன சேர்ப்பீர்கள், இரவில் என் மருந்து நேரத்துக்கு யார் பொறுப்பு, நோ அடங்காவிட்டால் அடுத்து என்ன தருவீர்கள். எங்கள் டொக்டர் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் தெளிவாகப் பதில் தந்தார். இரண்டாவதற்கு அந்த ஆஸ்பத்திரியிடம் இன்னும் பதில் இல்லை, முறைப்பாட்டை எழுத்திலும் கொடுத்திருக்கிறேன்.