ஹைட்ராக்ஸியூரியா, ருக்ஸோலிடினிப், இன்டர்ஃபெரான்: தோலை முன்வைத்து நான் எடுத்த முடிவு

இடது காதின் மேல்விளிம்பில் ஒரு செதில் உதிர்வதும் மீண்டும் படிவதுமாக ஏழெட்டு மாதங்கள் இருந்தது. பொடுகு என்று எண்ணித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். தோல் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்தபோது செதிள் செல் புற்று என்னும் தோல் புற்று வகை என்று வந்தது. நல்லவேளையாக மேல்தோலைத் தாண்டாத தொடக்கநிலை. வெட்டி எடுத்துவிட்டார்கள்.

எனக்கு வயது 58. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருபது ஆண்டுகளாக வாழ்கிறேன். ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைதீமியா வேரா என்னும் நோய்க்காக ஒன்பது ஆண்டுகள் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை எடுத்தேன். மாநிறத் தோலுக்குத் தோல் புற்று வராது என்று உறுதியாக நம்பியிருந்தேன். வெள்ளைத் தோலைவிட நமக்கு ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனால் குறைவு என்பது இல்லை என்று ஆகாது. அதிலும் வெயிலும் மாத்திரையும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டால் அந்தப் பாதுகாப்பைப் பெரிதாக நம்ப முடியாது.

பயாப்ஸி முடிவுக்குப் பிறகு என் முன் மூன்று வழிகள் இருந்தன: அதே மாத்திரையைத் தொடர்வது, ருக்ஸோலிடினிப் என்ற வேறொரு மாத்திரைக்கு மாறுவது, பெக்இன்டர்ஃபெரான் (உடம்பில் நீண்ட நேரம் தங்கி வேலை செய்யும் இன்டர்ஃபெரான்) ஊசிக்கு மாறுவது. மூன்றும் ரத்த அணுக்களைக் கட்டுக்குள் வைக்கும். ஹிமாட்டோக்ரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை, 45 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருந்தால் ரத்த உறைவு ஆபத்து குறைகிறது என்று 2013இல் வெளியான இத்தாலிய ஆய்வு காட்டியது. அந்த இலக்கை எந்த மருந்தால் எட்டினாலும் சரிதான். ஆஸ்பிரினும், தேவைப்பட்டால் ரத்தம் எடுப்பதும் எல்லாவற்றோடும் சேர்ந்தே வரும்.

ஹைட்ராக்ஸியூரியாவைப் பழிக்க எனக்கு மனமில்லை. விலை மலிவு, விரைவாக வேலை செய்யும், மருத்துவர்களுக்குப் பல பத்தாண்டு அனுபவம் உள்ள மருந்து. செல்கள் டிஎன்ஏவைக் கட்டுவதற்கு வேண்டிய மூலப்பொருளைத் தயாரிக்கும் ஒரு நொதியை அது தடுக்கிறது. எலும்பு மஜ்ஜையில் அதுதான் நமக்கு வேண்டியது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் தோலின் டிஎன்ஏவைச் சிதைக்கும்போது பழுதுபார்க்கவும் அதே மூலப்பொருள் வேண்டும். அங்கே தட்டுப்பாடு வந்தால் பழுது தங்கிவிடுகிறது. தோல் புற்று வரலாம், வெயிலிலிருந்து காத்துக்கொள்ளுங்கள் என்று மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. ஒன்பது ஆண்டுகளில் நான் போய்வந்த மருத்துவமனையில் ஒருவர்கூட என் சட்டையைக் கழற்றச் சொல்லித் தோலைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் ரத்த அறிக்கையைப் பார்த்து, "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று அனுப்பினார்கள். நகங்களில் கருங்கோடுகள் விழுந்ததையும், கணுக்காலில் ஒரு புண் ஐந்து மாதம் ஆறாமல் கிடந்ததையும் நானே சொன்ன பிறகுதான் கவனித்தார்கள். இரண்டும் இதே மாத்திரையின் அறியப்பட்ட விளைவுகள். இதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

ருக்ஸோலிடினிப்பில் பெரிய கவர்ச்சி ஒன்று இருந்தது. குளித்து முடித்ததும் உடம்பெல்லாம் ஊரும் அந்த அரிப்பை இந்த நோய் உள்ளவர்கள் அறிவார்கள். அதை இந்த மருந்து நன்றாக அடக்கும். ஹைட்ராக்ஸியூரியா ஒத்துவராதவர்களுக்காக அமெரிக்காவில் 2014இல் அனுமதி பெற்றது. ஆனால் அதன் குறிப்பிலும் தோல் புற்று எச்சரிக்கை இருக்கிறது. அப்படிப் புற்று வந்தவர்களில் பெரும்பாலோர் முன்பே நீண்ட காலம் ஹைட்ராக்ஸியூரியா எடுத்தவர்கள், தோலில் ஏற்கெனவே புற்றோ புற்றுக்கு முந்தைய நிலையோ இருந்தவர்கள் என்றும், மருந்துதான் காரணம் என்று நிறுவப்படவில்லை என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்தபோது என்னையே எழுதியிருப்பதுபோல் இருந்தது. போதாததற்கு, இது நோய் எதிர்ப்பாற்றலையும் ஓரளவு தாழ்த்துகிறது. அக்கிச் சூடு வரலாம், பழைய காசநோய் தலைதூக்கலாம். திடீரென்று நிறுத்தவும் கூடாது.

ஆக, இன்டர்ஃபெரான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வயிற்றுத் தோலில் நானே போட்டுக்கொள்கிறேன். முதல் ஊசியன்று இரவு முழுவதும் காய்ச்சல், கைகால் உளைச்சல். இப்போது படுக்கப்போகும் முன் பாராசிட்டமால் விழுங்கிவிட்டுப் போடுவதால் காலைக்குள் தணிந்துவிடுகிறது. இது பொறுமையைச் சோதிக்கும் மருந்து. முதல் நான்கு மாதம் பழைய மாத்திரையையும் சேர்த்தே எடுத்து, மெல்ல மெல்லக் குறைத்தோம். தைராய்டு, கல்லீரல் சோதனைகள் தவறாமல் செய்ய வேண்டும். மனச்சோர்வைக் கொண்டுவரக்கூடியது என்பதால், "இந்த வாரம் கொஞ்சம் சுருங்கிப்போயிருக்கிறீர்கள்" என்று சொல்லும் பொறுப்பை மனைவியிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

இவ்வளவு தொல்லையையும் ஏன் ஏற்றேன்? தோல் பராமரிப்பு ஒன்றுக்காகத்தான்.

ஒரு புற்றை வெட்டி எடுத்ததோடு வேலை முடிவதில்லை. அதே வெயிலை வாங்கிய நெற்றியும் வழுக்கைத் தலையும் புறங்கையும் காதைப் போலவே பழுதானவை. எந்த மருந்துக்கு மாறினாலும் நான்கு மாதத்துக்கு ஒரு முறை உச்சி முதல் உள்ளங்கால் வரை தோலைக் காட்டத்தான் வேண்டும். கேள்வி, அந்தப் பரிசோதனைகளில் ஒவ்வொரு முறையும் புதிதாக வெட்ட ஏதாவது கிடைக்கப்போகிறதா என்பது. ஹைட்ராக்ஸியூரியாவைத் தொடர்ந்தால் பழுதுபார்ப்பு தடைப்பட்டபடியே இருக்கும். வெட்டிய காயமும் மெதுவாக ஆறும். ருக்ஸோலிடினிப் என்றால், கெட்டுப்போன செல்லைக் கண்டுபிடித்து அழிக்கும் காவலுக்கு ஆள் குறையும் என்ற அச்சம். இன்டர்ஃபெரானோ அந்தக் காவலைத் தட்டியெழுப்பும் பொருள். நெற்றியில் இருந்த சொரசொரப்புத் திட்டுகளுக்குத் தோல் மருத்துவர் இமிகிமாட் களிம்பு தந்தார். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். தோலைத் தூண்டி அந்த இடத்திலேயே இன்டர்ஃபெரானைச் சுரக்கவைக்கிறது என்றார். என் தயக்கம் அன்றே தீர்ந்தது.

ஆனால் ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இன்டர்ஃபெரான் தோல் புற்றைத் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. மற்ற இரண்டின் குறிப்பிலும் உள்ள அந்த எச்சரிக்கை இதற்கு இல்லை, அவ்வளவுதான். என் அனுபவமும் இரண்டே ஆண்டு. இந்த இரண்டு ஆண்டில் புதிதாக ஒன்றும் வெட்டவில்லை. அது ஊசியாலா, களிம்பாலா, ஒருநாளும் மறக்காத தொப்பியாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பிரிஸ்பேனில் புற ஊதாக் குறியீடு ஏறக்குறைய ஆண்டு முழுவதும், தோலைக் காத்துக்கொள்ள வேண்டிய அளவான 3ஐத் தாண்டுகிறது. ஆகவே குளிர்காலத்திலும் சன்ஸ்கிரீன் பூசுகிறேன்.

மனச்சோர்வு நோய் இருந்தவர்களுக்கும், உடல் தன்னையே தாக்கும் நோய்கள் உள்ளவர்களுக்கும் என் வழி பொருந்தாது. யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. கட்டுப்படாத ரத்தம் மூளையிலோ இதயத்திலோ உறைவது தோல் புற்றைவிட விரைவாக உயிரை வாங்கும். நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் நோய்க்கும் இதே மாத்திரை தரப்படுகிறது. அது வேறு நோய், வேறு கணக்கு. அவர்களை என் கதை அச்சுறுத்தக் கூடாது.

திருச்சியில் என் அத்தானுக்கு 71 வயது. தட்டணுக்கள் பெருகும் நோய்க்கு ஹைட்ராக்ஸியூரியா எடுக்கிறார். அவருக்கு அதுவே சரியென்று நானும் நினைக்கிறேன். ஆனால் கறுத்த தோலில் செதிள் செல் புற்று வெயில் படாத இடத்திலும், பழைய தழும்பிலும், ஆறாத புண்ணிலும் வரும் என்பதால், போன வாரம் வீடியோ அழைப்பில் வேட்டியை முழங்கால்வரை தூக்கிக் காட்டச் சொன்னேன். "என்ன மாப்பிள்ளை, வயதான காலத்தில் இதெல்லாம் எதற்கு?" என்று கூச்சப்பட்டார். வலது கணுக்காலில், சைக்கிளிலிருந்து விழுந்த பழைய தழும்பின் ஓரத்தில், ஒரு ரூபாய் அளவுக்குத் தடித்த திட்டு. மூன்று மாதமாக இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை தோல் மருத்துவரிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலை நானே கூப்பிட்டுக் கேட்பேன்.