அஞ்சு ஸ்டார் காரும் ரோட்டோரம் நிற்கிற லாரியும்

கார் பார்க்கப் போகிறவர்கள் இப்போது மைலேஜைக் கேட்பதற்கு முன்னாலேயே "இது எத்தனை ஸ்டாருங்க?" என்று கேட்கிறார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஈரோட்டிலோ கோபியிலோ ஒரு ஷோரூமில் இதைக் கேட்டிருந்தால் ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள், அந்த அளவுக்கு நல்ல மாற்றம்தான். அதனால் இந்த முறை காரை விட்டுவிட்டு, விபத்தில் வண்டி எவ்வளவு காப்பாற்றும் என்று மோதவிட்டுப் பார்த்துக் கொடுக்கிற அந்த ஸ்டாருக்கே ஒரு விமர்சனம்.

நம்ம நாட்டில் ஸ்டார் கொடுக்கிற திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சோதனையில் கார் 64 கி.மீ. வேகத்தில், முகப்பில் 40 சதவீதம் மட்டும் படும்படியாக, நசுங்கிக் கொடுக்கிற ஒரு தடுப்பில் போய் மோதும். பக்கவாட்டில் 950 கிலோ தள்ளுவண்டி ஒன்று 50 கி.மீ. வேகத்தில் வந்து இடிக்கும். மூன்று ஸ்டாரும் அதற்கு மேலும் வேண்டுமென்றால் கம்பத்தில் மோதும் சோதனையும் உண்டு. பெரியவர்கள் பாதுகாப்பில் 32க்கு 27, குழந்தைகள் பாதுகாப்பில் 49க்கு 41 எடுத்தால் ஐந்து ஸ்டார்.

"64 எல்லாம் ஒரு வேகமா, நாங்க பைபாஸ்ல 100ல போறோம்" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. மோதுவதற்கு முன்னால் பெரும்பாலும் பிரேக் பிடித்திருப்போம், அதனால் 64 ஒன்றும் ஒப்புக்கு வைத்த எண் இல்லை. ஆனால் பிரேக்கே பிடிக்காமல் 100ல் போய் இடித்தால் வண்டி தாங்க வேண்டிய ஆற்றல் சோதனையில் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதற்கு எந்த ஸ்டாரும் ஜவாப்தாரி இல்லை.

ஸ்டாரெல்லாம் சும்மா விளம்பரம் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் ஐஐஎச்எஸ் என்ற அமைப்பு தன் சோதனை முடிவுகளை நிஜ விபத்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. நேருக்கு நேர் மோதலில், முன்பக்கச் சோதனையில் 'நன்று' வாங்கிய காரின் டிரைவர் இறக்கும் வாய்ப்பு 'மோசம்' வாங்கிய காரைவிட 46 சதவீதம் குறைவு. சின்ன வித்தியாசமா இது? ஆனால் அதே அமைப்பு 2009இல் ஹோண்டா ஃபிட்டையும் (நம்ம ஊரில் ஜாஸ் என்று ஓடியதே, அதுதான்) ஹோண்டா அக்கார்டையும் நேருக்கு நேர் மோதவிட்டது. தடுப்பில் மோதும்போது ஃபிட் 'நன்று' வாங்கிய வண்டி, அக்கார்டோடு மோதியபோது 'மோசம்'. எடைதான் காரணம். சின்ன காரின் ஐந்து ஸ்டாரை பெரிய காரின் ஐந்து ஸ்டாரோடு ஒப்பிடவே கூடாது, ஒரே எடையுள்ள வண்டிகளுக்குள் மட்டும் பாருங்கள்.

சரி, நம்ம பக்கத்துக்கு வருவோம். சேலம் - கோவை ரோட்டில் சங்ககிரி, பெருந்துறை பக்கம் ராத்திரியில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், பஞ்சரான லாரி ஓரமாக நிற்கும், பார்க்கிங் லைட் இருக்காது, பின்னால் நாலு கல்லும் ஒரு மரக்கிளையும் கிடக்கும், ரிஃப்ளெக்டர் மேல் சேறு. அதன் பின்பக்கம் காரின் பானெட்டைவிட உயரம். பம்பருக்குப் பின்னால் அடியை வாங்கி மடங்குவதற்காகவே செய்த பாகங்கள் எதிலும் படாமல் கார் அடியில் நுழைந்துவிடும், லாரியின் பலகை நேராகக் கண்ணாடிக்கு வரும். அப்போது முன்கண்ணாடியின் இரண்டு பக்கத் தூண்கள்தான் மிச்சம். இதைத் தடுக்க லாரிக்குப் பின்னால் கீழே ஒரு கம்பி இருக்க வேண்டும், பல லாரிகளில் அது துருப்பிடித்து வளைந்து பேருக்குத் தொங்குகிறது. ஸ்டார் கொடுக்கிற சோதனையில் இந்த மாதிரி மோதலே கிடையாது.

இன்னொன்று பின்சீட். சோதனையில் ஆளுக்குப் பதிலாகப் பொம்மைகளை உட்கார வைப்பார்கள். முன்பக்க மோதல் சோதனையில் பெரியவர் பொம்மைகள் இரண்டும் முன்சீட்டில்தான், அதுவும் ஆண் உடலளவில். பின்னால் குழந்தைப் பொம்மைகள், அவையும் சைல்டு சீட்டில். நாம் பழனிக்கோ கொடுமுடிக்கோ போகும்போது பின்னால் யார் உட்காருகிறார்கள்? அம்மா, அத்தை, பெரியம்மா, மடியில் ஒரு குழந்தை, ஒருத்தருக்கும் பெல்ட் கிடையாது. அவர்களைப் பற்றி சோதனை ரிப்போர்ட் ஒரு வார்த்தை சொல்வதில்லை. 2022 செப்டம்பரில் டாடா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தது மெர்சிடிஸ் ஜிஎல்சியில், ஐரோப்பாவின் சோதனையான யூரோ என்கேப்பில் ஐந்து ஸ்டார் வாங்கிய மாடல். அவர் பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார்.

யார் கொடுத்த ஸ்டார், எந்த வருஷத்து ஸ்டார் என்பதும் முக்கியம். மஹிந்திரா ஸ்கார்பியோ-என் 2022இல் குளோபல் என்கேப் என்ற சர்வதேச அமைப்பின் சோதனையில் ஐந்து ஸ்டார், அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவின் ஏஎன்கேப்பில் பூஜ்ஜியம். வண்டி ஒரே வருஷத்தில் தகரமாகிவிடவில்லை, தானாக பிரேக் பிடிக்கும் வசதி மாதிரியான விஷயங்களை அங்கே கணக்கில் எடுக்கிறார்கள்.

கோவையில் ஒரு ஷோரூமில் ரிப்போர்ட்டைக் காட்டச் சொன்னேன். தம்பி சன்ரூஃபைத் திறந்து மூடிக் காட்டினாரே தவிர ரிப்போர்ட்டைக் காட்டவில்லை. நானே போனில் எடுத்துப் பார்த்தேன். அதில் பொம்மை படம் கலர் கலராக இருக்கும், தலை பச்சை, நெஞ்சு மஞ்சள் என்று. பச்சை என்றால் நல்ல பாதுகாப்பு, மஞ்சள் அதற்கு ஒரு படி கீழே. ஸ்டாரைவிட அந்தப் படம் உபயோகம். ஒரே ஐந்து ஸ்டாரில் ஒரு வண்டிக்கு டிரைவர் நெஞ்சு பச்சை, இன்னொன்றுக்கு மஞ்சள். சைல்டு சீட்டை எந்தெந்த இருக்கையில் மாட்டலாம் என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

என் மதிப்பெண், ஸ்டாருக்கு ஐந்தில் மூன்றரை. பின்சீட்டில் ஒரு பெரியவர் பொம்மையை உட்கார வைத்தால் நாலு.

அப்புறம் ஒரு வயிற்றெரிச்சல். ஸ்டார் பார்த்து வாங்கின வண்டியை டெலிவரி எடுத்த கையோடு ஆக்சஸரீஸ் கடைக்கு ஓட்டிப் போய், பம்பருக்கு முன்னால் புல் கார்டு என்கிற இரும்புக் கம்பித் தடுப்பும், பெல்ட் போடாதபோது சத்தம் வராமல் இருக்க பக்கிளில் சொருகுகிற கிளிப்பும் மாட்டுகிறார்கள். புல் கார்டு 2017இலேயே தடை செய்தது, ஏர்பேக் சென்சார் எதிர்பார்க்கிற மாதிரி முகப்பு நசுங்கவும் விடாது. அந்த கிளிப் இன்னும் மோசம். சோதனையில் எல்லாப் பொம்மையும் கட்டப்பட்டுத்தான் இருந்தது, கிளிப் சொருகின வண்டிக்கு அந்த ரிப்போர்ட்டில் இருக்கிற ஒரு எண்ணும் பொருந்தாது.