பழைய கம்மின்ஸ் 12 வால்வ் இன்ஜினுக்கு மெக்கானிக்கல் பூஸ்ட் கேஜ்: வாங்கலாம், ஆனால் இது மட்டும் போதாது

52 மி.மீ. டயல், மெல்லிய நைலான் ட்யூப், பித்தளை நட்டும் ஃபெருலும் (ட்யூப்பைப் பிடித்து இறுக்கும் வளையம்), ஒரு 12 வோல்ட் பல்பு. கிட்டில் இருப்பது இவ்வளவுதான். கரன்ட் பல்புக்கு மட்டும்; முள்ளைத் தள்ளுவது டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தமே; அதுதான் பூஸ்ட். அமெரிக்க டாட்ஜ் ராம் பிக்கப்பில் 1989 முதல் 1998 வரை வந்த இந்த 5.9 லிட்டர் 6பிடி டீசல் இன்ஜினுக்கு இந்த எளிய கேஜ் பொருத்தமானது.

வாங்குமுன் டயலைப் பாருங்கள். பூஜ்யத்துக்குக் கீழே வேக்குவம் காட்டுவது பெட்ரோல் வண்டிக்கானது. இந்த டீசலில் த்ராட்டில் தட்டு கிடையாது, இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாயில்) வேக்குவமும் வராது; டயலில் ஒரு பங்கு வீண். 0–60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) டயலில் கோடுகள் நெருக்கமாக இருக்கும், 2 பிஎஸ்ஐ வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 0–35 அல்லது 0–40 சரி.

அழுத்தத்தை இண்டர்கூலருக்கு (டர்போ காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) பிறகு, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து எடுங்கள். டர்போவை விட்டுக் காற்று வெளியேறும் இடத்தில் எடுத்தால் இண்டர்கூலரில் இழந்த அழுத்தம் தெரியாது. டீசல் பம்ப்பின் மேல் உள்ள டயஃப்ரமுக்கு (பூஸ்ட் ஏற ஏற டீசலைக் கூட்டும் சவ்வு) போகும் சின்னக் குழாயில் டீ, அதாவது மூவழி இணைப்பு, போடுவது சுலபம்தான், ஆனால் வேண்டாம்: நைலான் ட்யூப் அறுந்தால் டயஃப்ரமுக்கு அழுத்தம் போகாது, பம்ப் டீசலைக் கூட்டாது, ஏற்றத்தில் வண்டி இழுக்காது. மேனிஃபோல்டும் ஓட்டுநர் இருக்கையும் இடது பக்கமே; ட்யூப்பை அந்தப் பக்கமாகவே கொண்டுவந்தால் எக்சாஸ்ட் சூடு படாது. ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். பித்தளை நட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் ஃபெருல் ட்யூப்பை நசுக்கி முள் மந்தமாகும். முள் நடுங்கினால் லைனில் ஊசித் துளை அளவு ரெஸ்ட்ரிக்டர் ஒன்று சொருகினால் போதும்.

நியூட்ரலில் ரேஸ் கொடுத்துப் பார்த்துவிட்டு 'கேஜ் வேலை செய்யவில்லை' என்று திருப்பித் தராதீர்கள். லோடு இல்லாமல் டர்போ அழுத்தம் கட்டாது. ஏற்றத்தில், உயர் கியரில், முழு ஆக்சிலரேட்டரில் பாருங்கள்.

1994–98 மாடலில், கைவைக்காத இன்ஜின் 18–20 பிஎஸ்ஐ காட்டினால் எல்லாம் நலம். வேஸ்ட்கேட்டை (பூஸ்ட் எல்லை மீறாமல் தடுக்கும் வால்வு) மாற்றியமைத்து, பம்ப்பில் டீசலைக் கூட்டியவர்கள் பழைய ஹெட் போல்ட்டோடு 30-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதற்கு மேல் ஹெட் கேஸ்கெட்டுக்குச் சோதனை; இதில் உள்ள ஹோல்செட் எச்எக்ஸ்35 டர்போவும் திறன் குறைந்து காற்றைச் சூடாக்கவே தொடங்கும். வெளியே 30 டிகிரி என்றால், 20 பிஎஸ்ஐ-யில் டர்போவை விட்டு வரும் காற்று சுமார் 150 டிகிரி செல்சியஸ்; 30-ல் 200-ஐத் தொடும். 1991 நடுப்பகுதிக்கு முந்தைய மாடல்களில் இண்டர்கூலரே இல்லை, அந்தச் சூடு அப்படியே சிலிண்டருக்குள் போகும். அவற்றுக்கு 30 பிஎஸ்ஐ கணக்கு பொருந்தாது.

இந்தக் கேஜின் பெரிய குறை இதுதான்: பிஸ்டனை உருக்குவது பூஸ்ட் அல்ல, காற்றுக்கு மிஞ்சிய டீசல். முள் 22-ல் சாதுவாக நிற்கும்போதே எக்சாஸ்ட் 750 டிகிரியைத் தாண்டலாம். எக்சாஸ்ட் வெப்பக் கேஜும் கூடவே வாங்குங்கள். அதன் புரோபை (சூட்டை உணரும் முனையை) டர்போவுக்கு முன்னால், எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் வையுங்கள். தொடர்ந்து இழுக்கும்போது 677 டிகிரி, அதாவது அமெரிக்கர்கள் சொல்லும் 1250 ஃபாரன்ஹீட், எல்லை. டர்போவுக்குப் பின்னால் வைத்தால் லோடில் 100 டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டி ஏமாற்றும்.

ஜாம்ஷெட்பூரில் செய்து டாடா லாரியில் வந்த 6பிடியும் இதே குடும்பம்தான். அங்கே டர்போவும் பம்ப் செட்டிங்கும் வேறு. இந்த எண்களை அப்படியே லாரிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேஜ் காசை மீட்டுத் தருவது கசிவு தேடுவதில். கரும்புகையோடு முள் 10–12-ல் நின்றால், டர்போவைக் குறை சொல்லுமுன் இண்டர்கூலர் ஹோஸ் கிளிப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, டர்போவுக்குள் காற்று நுழையும் வாய் வழியாக 15 பிஎஸ்ஐ காற்று கொடுத்துப் பாருங்கள். நுரை பொங்கும் இடத்தில் கிளிப்பை மாற்றுங்கள்.