எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட், யூஎஸ்பி-சி: புதிய திரைக்கு எந்த இணைப்பு?

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் நடத்தும் அச்சு வடிவமைப்புக் கடைக்குப் புதிய கணினித் திரைகள் தேவைப்பட்டன. அளவும் நிறத் துல்லியமும் எளிதில் முடிவாகிவிட்டன. எந்த இணைப்பு உள்ள திரையை வாங்குவது என்பதுதான் நெடுநேரம் பிடித்தது. ஒரே கேபிளில் படத்தையும் மின்சாரத்தையும் கொண்டுசெல்லும் யூஎஸ்பி-சி திரைகளையே முடிவில் வாங்கினோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

எச்டிஎம்ஐ பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. 2002-இல் வந்த இந்தத் தரம் தொலைக்காட்சி, செட்டாப் பாக்ஸ், புரொஜெக்டர் என எங்கும் இருக்கிறது. 2013-இல் வந்த 2.0 பதிப்பின் வினாடிக்கு 18 கிகாபிட் வேகமே, 4கே படத்தை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப் போதும். வீட்டு டிவிக்கு வேறெதையும் தேட வேண்டாம்.

திரைத் தரங்களை வகுக்கும் வீசா (VESA) அமைப்பு 2006-இல் வெளியிட்ட டிஸ்ப்ளேபோர்ட் கணினிக்கென்றே உருவானது. ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குத் தொடராக இணைக்கும் வசதி அதன் தனிச்சிறப்பு. அதிவேகத் திரையில் விளையாடுபவர்கள் அதை விரும்புவது இயல்பே. எங்கள் வேலை 60 ஹெர்ட்ஸை, அதாவது வினாடிக்கு 60 முறை புதுப்பிப்பதை, தாண்டுவதில்லை என்பதால், அந்தப் பக்கம் நான் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. யூஎஸ்பி-சி கேபிளில் திரைக்குச் செல்வதும் பெரும்பாலும் டிஸ்ப்ளேபோர்ட் சமிக்ஞைதான். ஆகவே சி-யைத் தேர்ந்தெடுப்பது டிஸ்ப்ளேபோர்ட்டை ஒதுக்குவது ஆகாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். லேப்டாப்பைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருபவர்களுக்கு, எச்டிஎம்ஐ திரை என்றால் படத்துக்கு ஒரு கேபிள், சார்ஜருக்கு ஒன்று, கீபோர்டு, மவுஸுக்கு இன்னொன்று என நாள்தோறும் மூன்று இடங்களில் செருகி எடுக்கும் வேலை இருக்கிறது. அத்தனை இடங்களிலும் தேய்மானமும் இருக்கிறது. யூஎஸ்பி-சியில் அது ஒன்றாகக் குறைகிறது. அதைவிட முக்கியம், 2014-இல் இந்தத் தரத்தை வடிவமைத்தவர்கள், அழுத்திப் பிடிக்கும் வில் பாகங்களை லேப்டாப்பின் போர்ட்டில் வைக்காமல் கேபிளின் முனையில் வைத்ததுதான். நாளடைவில் பிடி தளர்ந்தால் பெரும்பாலும் தளர்வது கேபிள். அதை மாற்றச் சில நூறு ரூபாய் போதும். போர்ட் போனாலோ மதர்போர்டில் சால்டரிங் செய்ய வேண்டும். காசிமேட்டுக் கடற்காற்று உலோக முனைகளைச் சும்மா விடாத எங்கள் பகுதியில், மாற்றக்கூடிய பாகத்தின் மீது தேய்மானம் விழுவது பெரிய நிம்மதி. போர்ட்டின் நடுவிலுள்ள மெல்லிய நாக்கு பக்கவாட்டு இழுப்பில் உடையக்கூடியது என்பதால், கேபிளை மேசையோரம் கிளிப் போட்டு நிறுத்தியிருக்கிறோம்.

இதில் உண்மையான தொல்லை, எல்லாக் கேபிளும் ஒரே முகத்தோடு இருப்பதுதான். போனுடன் வரும் சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில் வினாடிக்கு 480 மெகாபிட் வேகத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும். அவற்றில் சார்ஜ் ஏறும், படம் வராது. ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ வாங்கும்போது வேகமும் வாட்டும் அச்சிட்ட கேபிளையே கேளுங்கள். லேப்டாப்பின் சி போர்ட் படத்தை வெளியே அனுப்புமா என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். அனுப்பாத மாடல்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன.

சந்தையும் இந்தப் பக்கமே சாய்கிறது. 2021-இல் யூஎஸ்பி-சியின் மின்வரம்பு 100 வாட்டிலிருந்து 240 வாட்டாக உயர்ந்ததால், பெரிய லேப்டாப்புகளுக்கும் இந்த வழி திறந்தது. 2023-இல் ஐபோனே இதற்கு மாறியது. யூஎஸ்பி-சியைக் கட்டாயமாக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சார்ஜர் விதி 2024 டிசம்பரில் போன்களுக்கு நடைமுறைக்கு வந்தது; லேப்டாப்புகளுக்கான நாள் 2026 ஏப்ரல் 28. இதனால் எச்டிஎம்ஐ மறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. 1987-இல் வந்த பழைய திரை இணைப்பான விஜிஏவை 2015-க்குள் கைவிடுவதாக, சிப் தயாரிக்கும் இன்டெலும் ஏஎம்டியும் 2010-இலேயே அறிவித்தன. ஆனாலும் பழைய புரொஜெக்டர்களில் அந்த நீலப் பிளக்கை இன்னும் காண்கிறோம். ஆகவே, எச்டிஎம்ஐ போர்ட்டும் சேர்ந்திருக்கும் சி திரையாகவே வாங்கினோம். வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய லேப்டாப்பை அதில் இணைத்துவிடலாம்.

இடம் மாறாத மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு யூஎஸ்பி-சி திரைக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண். அவர்களுக்குச் சாதாரண எச்டிஎம்ஐ திரையே போதும்.